பசிக்கோடு

காலையில் பல் வாசிப்பகத்தைத் திறந்ததும் அங்கவை முதலில் செய்யும் வேலை, முந்தைய நாள் வந்த பற்களை அவரவர் டப்பியில் போட்டு மூடுவது. மலையூர் மேல்சுனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பல். பிள்ளை பிறந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கல்யாணம் என்றாலும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெள்ளி டப்பி, பித்தளை டப்பி, வசதி இல்லாதவர்களுக்கு பிளாஸ்டிக் டப்பி. உள்ளே பஞ்சில் படுத்திருப்பது என்னவோ எல்லா வீட்டிலும் ஒன்றேதான்: எப்போதோ செத்துப்போன மூதாதையின் ஞானப்பல், எரிப்பதற்கு முன் பிடுங்கி வைத்தது. ஏன் ஞானப்பல், ஏன் முன்பல் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. தாலிக்கயிற்றில் ஏன் மஞ்சள் பூசுகிறோம் என்று யாராவது கேட்கிறார்களா? அதுபோலத்தான் இதுவும்.

சிறுபிள்ளையில் குடித்த தண்ணீர், அந்த மண்ணின் தாதுக்களோடு, பல் உருவாகும்போதே அதில் படிந்துவிடுகிறது. பிறகு எத்தனை ஊர்த் தண்ணீர் குடித்தாலும் அது மாறாது. அங்கவையின் ஒளித்துளைப்பி, லேசர் முனையால் பல்லின் நடுவில் தூசி அளவு சுரண்டி எடுத்துப் படிக்கும். திரையில் பச்சை வந்தால் மலைநீர். நீலம் வந்தால் கடலோரம். பச்சை வந்த குடும்பம் மலையில் இருக்கலாம், ஊற்றில் அதற்குப் பங்கு உண்டு. நீலம் வந்தவர்கள் ஊர் வாயிலில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிவிட வேண்டும். கடல் தஞ்சாவூர் வரை வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு போட்ட சட்டம் இது. கொடுமை என்று கீழே இருப்பவர்கள் சொன்னார்கள். இது இல்லாவிட்டால் ஊற்று வற்றி எல்லாரும் சாக வேண்டியதுதான் என்று மேலே இருப்பவர்கள் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆனால் அங்கவை வெறும் நிறம் பார்த்துச் சொல்லி அனுப்புகிறவள் அல்ல. உங்கள் பாட்டனார் கம்பும் கேழ்வரகும் தின்று வளர்ந்தவர், பன்னிரண்டு வயதில் பெரிய காய்ச்சல் கண்டு பிழைத்தவர், பாக்கு மெல்லாதவர் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுவாள். ராஜாவும் தளபதியும் யார் பல்லிலும் வந்ததில்லை. காய்ச்சலும் கம்பும்தான் வந்தன. ஆனாலும் அதைக் கேட்க ஜனங்களுக்கு அவ்வளவு ஆசை.

அன்று வந்தவள் கீழேயிருந்து ஏறி வந்திருந்தாள். பெயர் சலேத்மேரி. நாற்பது வயதிருக்கும். கூடவே அவள் மகள் அமலி, பத்து வயதுப் பெண், முகம் வீங்கி, கண் இடுங்கி, நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். கடலோர முகாம்களில் உப்புத் தண்ணீர் குடித்துச் சிறுநீரகம் கெட்ட பிள்ளைகளை அங்கவை நிறையப் பார்த்திருக்கிறாள். பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

சலேத்மேரி ஒரு பிஸ்கட் டப்பாவை மேஜையில் வைத்துத் திறந்தாள். உள்ளே துண்டில் சுற்றி ஒரு முழுக் கீழ்த்தாடை.

"எங்க பூட்டி பவுனம்மாவுதுங்க. மலையில வளந்தவங்க. எந்தப் பல்லு வேணுமோ நீங்களே பாத்து எடுத்துக்கங்க, எல்லாம் இருக்கு."

"முழுத் தாடையையும் எப்படிங்க கொண்டு வந்தீங்க?"

"கல்லறைத் தோட்டத்துல கடல் பூந்துச்சுங்க. அவங்கவங்க ஆளுங்கள அவங்கவங்க தோண்டி எடுத்துக்கிட்டோம். தண்ணியில வுட மனசு வரல."

அங்கவை தாடையைக் கையில் எடுத்தாள். கைக்கு அடக்கமாக இருந்தது. முன்பற்களில் குறுக்கே ஒரு சின்னப் பள்ளம். "வலை பின்னுவாங்களா? நூலைப் பல்லால கடிச்சுக் கடிச்சுத் தடம் விழுந்திருக்கு."

சலேத்மேரியின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாங்க! கத்தரிக்கோல் வாங்கித் தந்தாலும் தொடமாட்டாங்களாம். எங்கம்மா சொல்லும்."

வெளியாட்கள் கொண்டுவருவதில் எந்தப் பல் என்று வாசிப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களுக்கு ஒரு மூதாதைக்கு ஒரே வாசிப்பு, அதற்கு மேல் முறையீடு கிடையாது. அங்கவை யோசிக்கவே இல்லை. முதல் கடைவாய்ப்பல்லை எடுத்தாள். பிறந்த நாளிலிருந்து உருவாகும் பல் அது. சந்தேகத்துக்கே இடம் கொடுக்காது. தொழிலை ஒழுங்காகச் செய்கிற யாரும் அதைத்தான் எடுப்பார்கள்.

நீலம் வந்தது.

"இவங்க கடலோரத்துல பிறந்தவங்கம்மா," என்றாள் அங்கவை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் எப்போதும் திரையைப் பார்த்தே பேசுவாள்.

"பொறந்தது அங்கதானே? நான் இல்லன்னா சொன்னேன்?" சலேத்மேரிக்குப் புரியவில்லை. "பத்து வயசுல அக்காளும் தங்கச்சியுமா மேல ஏறி வந்தாங்க. இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் வளந்தாங்க. ஊத்து வத்துன வருசம் வீட்டுக்கு ஒரு ஆளுன்னு கீழ அனுப்பிட்டாங்களாம். இவங்கள அனுப்புனாங்க, அக்கா இங்கயே தங்கிட்டாங்க. சின்ன வயசுத் தண்ணின்னுதானே சட்டம் சொல்லுது?"

சட்டம் அப்படித்தான் சொன்னது. ஆனால் வாசிப்பு முடிந்து முத்திரையும் விழுந்துவிட்டது. அங்கவை அதைச் சொன்னாள். சலேத்மேரி அழவில்லை, சண்டையும் போடவில்லை. மகளை எழுப்பி, "வாம்மா, போவலாம்" என்றாள். அந்தப் பெண் எழுந்ததும் முதலில் கேட்டது தண்ணீர்தான்.

கீழே போகும் பஸ் மறுநாள் காலையில். அதுவரை ஊர் வாயிலருகே உள்ள கொட்டகையில் இருக்கலாம். சான்றுப் பொருளை வாயிலில் வைத்துத்தான் திருப்பித் தருவது வழக்கம். ஆகவே தாடை அங்கவையிடமே இருந்தது. மதியம் அவள் சலேத்மேரி சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பத்து வயதில் ஏறி வந்தார்கள் என்றால் எங்கேயிருந்து, யாரோடு? மேல்சுனைக்கு யாரும் ஏறி வந்ததில்லை. ஆதியிலிருந்து இங்கேயே இருந்தவர்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

முத்திரை போடாமல், தனக்காக மட்டும், அவள் பவுனம்மாவின் ஞானப்பல்லைப் படித்தாள். அது எட்டொன்பது வயதில் நுனியிலிருந்து உருவாகத் தொடங்கி, பதினாறு வயது வாக்கில் முடியும் பல். நுனியில் நீலம். அதை ஒட்டி வெறுமையாக ஒரு கோடு. வளர்ச்சி நின்றுபோன இடம். வாசிப்பவர்கள் அதைப் பசிக்கோடு என்பார்கள். மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாத பிள்ளைக்குத்தான் அவ்வளவு தடித்த கோடு விழும். கோட்டுக்குக் கீழே, நடுவிலிருந்து அடிவரைக்கும், பச்சை.

இந்தப் பல்லை எடுத்து, வழக்கம்போல் நடுவில் சுரண்டியிருந்தால் அமலி இந்நேரம் ஊற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். ஊரே ஞானப்பல்லைத்தான் வைத்திருக்கிறது. ஊரே நடுவில்தான் சுரண்டச் சொல்கிறது.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி பொழிலன் வந்தான். ஊர்மன்றத்தில் உறுப்பினன். கையில் வீட்டுப் பித்தளை டப்பி, முகத்தில் பெண் குழந்தை பிறந்த பூரிப்பு. மறுநாள் வாயிலில் குழந்தையின் பெயரைப் பதிய வேண்டும்.

"சாயந்தரத்துக்குள்ள பாத்து வச்சிரு அக்கா. எப்பவும் போல நடுவுல."

"பொழிலா, நம்ம ஊர்ல எதுக்கு ஞானப்பல்ல மட்டும் வைக்கிறாங்க?"

அவன் சிரிப்பு போய்விட்டது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "இவ்வளவு நாள் இங்க உக்காந்துட்டு இப்பத்தான் கேக்கறியா? மன்றத்துல சேர்ந்த அன்னிக்கே எனக்குச் சொல்லிட்டாங்க."

"என்னன்னு?"

"அதைக் கேக்கக் கூடாதுன்னு."

அங்கவை திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவன் பார்த்தான். அவனுக்குப் பல் படிக்கத் தெரியாது. ஆனால் நீலமும் பச்சையும் தெரியுமே.

"எல்லாரும் அப்படித்தான்க்கா," என்றான் மெதுவாக. "கடல் ஏறினப்ப பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓடி வந்தவங்கதான் அத்தனை பேரும். சட்டம் வர்றப்ப அந்தப் பிள்ளைக கிழடாயிட்டாங்க. வாயில எந்தப் பல்லுல மலைத்தண்ணி இருக்கோ, அதை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லிட்டுச் செத்தாங்க. நமக்காகத்தான் செஞ்சாங்க. அது தப்பா?"

"தப்புன்னு சொல்லல. அந்தப் பொம்பளைக்கு நான் முதல் பல்லை எடுத்தேனேடா."

"அது உன் வேலை. நீ சரியாத்தான் செஞ்ச."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அங்கவைக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் போகும்போது, டப்பியை மேஜையில் அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

டப்பிக்குள் முத்துக்கண்ணு இருந்தாள். அங்கவையின் பூட்டி. ஊற்றுக்கண்ணைத் தோண்டியவள், மலையிலேயே பிறந்தவள் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லுவார்கள். பல்லின் நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், குடும்பத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. அதில் ஒரு குழி அங்கவை, பக்கத்தில் இருப்பது பொழிலன். நுனி மட்டும் வழுவழுவென்று, யார் கையும் படாமல் இருந்தது.

அவள் லேசர் முனையை நுனிக்கு நகர்த்தினாள். நீலம். பிறகு கோடு. பவுனம்மாவுக்கு விழுந்த அதே தடிமனில், ஆனால் பல்லில் கொஞ்சம் கீழே தள்ளி. ஒரே பசி, ஒருத்திக்குப் பத்து வயதில், இன்னொருத்திக்குப் பதினொன்றில். அங்கவைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இருந்தாலும் இரண்டு பல்லின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். உடன்பிறந்தவர்கள் என்று வந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாக ஊராரை உட்காரவைத்து அவர்கள் மூதாதைகளின் கதையைச் சொல்லியிருக்கிறாள். தன் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பட்டினியாக இந்த மலையில் நடந்து ஏறியது தெரியாமல் இருந்திருக்கிறாள். ஒருத்தியை வைத்துக்கொண்டு இன்னொருத்தியை அனுப்பிய அந்த நாளில் முத்துக்கண்ணு என்ன செய்தாள்? கையைப் பிடித்துக்கொண்டாளா? கூடப் போகிறேன் என்று அடம்பிடித்தாளா? அதைச் சொல்ல எந்தப் பல்லும் இல்லை.

மறுநாள் காலை வாயிலில் நல்ல கூட்டம். பொழிலன் பட்டு வேட்டியில் நின்றான். பக்கத்தில் அவன் மனைவி, கையில் குழந்தை. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் கடைசி வரிசையில் சலேத்மேரி, அமலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு.

அங்கவை பிஸ்கட் டப்பாவை அவளிடம் கொடுத்தாள். "உங்க பூட்டியோட அக்கா பேரு தெரியுமா?"

"முத்துக்கண்ணுன்னு சொல்லுவாங்க. ஏங்க?"

"எங்க வீட்டு டப்பியில இருக்காங்க."

சலேத்மேரி அவசரமாகக் குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிடாதீங்க. ஒங்களையும் எறக்கிவுட்ருவாங்க. இவள மட்டும் வச்சுக்கங்க, ஒங்க வீட்டுப் புள்ளைன்னு சொல்லிக்கங்க. நான் போயிடறேன்."

"இப்படித்தான் ஒரு தடவை பிரிச்சு அனுப்புனாங்க," என்றாள் அங்கவை. "எனக்கு முடியாதுங்க."

அவள் வாயில் காவலரிடம் போய், தான் எடுத்து வைத்திருந்த இரண்டு பூட்டிகளின் ஞானப்பற்களையும் அங்கிருந்த வாசிப்புக் கருவியின் தட்டில் வைத்தாள். "இவங்க என் சொந்தம். என் பூட்டியும் அவங்க பூட்டியும் கூடப் பிறந்தவங்க. பதிஞ்சுக்கங்க. நடுவுல வேணாம், நுனியில வைங்க."

காவலர் பெண் வயதில் சிறியவள். சொன்னபடி செய்தாள். இரண்டு முறை நீலம் வந்தது. கூட்டத்தில் பலரின் கை தன்னையறியாமல் மடியிலும் இடுப்பிலும் இருந்த டப்பிகளை மூடிக்கொண்டது. அங்கவை முத்திரைப் பொத்தானைத் தானே அழுத்தினாள். இனி அதை யாராலும் அழிக்க முடியாது.

"மன்றம் முடிவு சொல்றவரைக்கும் நீங்க கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும்க்கா," என்றாள் காவலர், கெஞ்சுகிற குரலில்.

"தெரியும்மா."

அங்கவை கோட்டைத் தாண்டினாள். சலேத்மேரியும் மகளோடு கூடவே தாண்டி, அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அமலி கண்விழித்து, இந்தப் புதிய மனுஷியின் தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். அங்கவை அதைத் திறந்து கொடுத்தாள்.

காவலர் பொழிலனைப் பார்த்துத் தயங்கினாள். "அண்ணே, உங்க வீட்டுக்கும் அதே பல்லுதானே?"

பொழிலன் அக்காவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனைத் தூக்கி வளர்த்தவள், சின்ன வயதில் ஊற்றடிக்கு இடுப்பில் வைத்துக் கொண்டுபோனவள் அவள்தான் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பிறகு குழந்தையைத் தன் மனைவியின் கையிலிருந்து வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"எம் பொண்ணுக்கு அவங்கம்மா வீட்டுப் பல்லு இருக்கு," என்றான். "அதுல பாத்துக்கங்க. நடுவுல."

சொல்லிவிட்டுக் கோட்டிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றான். அங்கவைக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தங்கை இறங்கிப் போன அன்று முத்துக்கண்ணு எங்கே நின்றாள் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.