மூச்சுக்கு அசையாத ஈரல்

மதியம் பன்னிரண்டரைக்குத் தாயும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். ஸ்கேன் அறைக்குள் மட்டும் இருட்டு. திரை தெளிவாகத் தெரிய வேண்டுமென்று ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். பழைய கட்டடத்தின் ஈரச் சுவர் வாடை, ஜெல் வாடை, புளித்த பால் வாடை எல்லாம் சேர்ந்து அங்கே தேங்கிக் கிடந்தது. பதினோரு வருடமாக அதிலேயே உழன்ற டெக்னீஷியனுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கழுகு என்று பட்டப்பெயர். கடுகளவு கட்டியானாலும் அவள் கண்ணுக்குத் தப்பாதாம். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். போன மாதத்திலிருந்துதான் யாராவது அப்படிக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள்.

குழந்தைக்கு ஐம்பத்தெட்டு நாள். பிறந்ததிலிருந்து மஞ்சள் காமாலை இறங்கவே இல்லை. மலம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. பித்தக்குழாய் அடைத்திருந்தால் அறுபது நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். தள்ளிப்போனால் ஈரல் இறுகிப்போகும், பிள்ளை தங்காது. இரத்தம் சரியாக உறையாத உடம்பு, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. ஸ்கேன் ஒன்றுதான் கதி. நாளைக் காலை ஆபரேஷன் தியேட்டரில் ஓர் இடம் இருந்தது, இன்றைக்குள் நோய் உறுதியானால் அது இந்தக் குழந்தைக்கு.

"நாலு மணி நேரமா பால் குடுக்கலம்மா. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு. சீக்கிரம் பாத்துடுங்க," என்றாள் தாய். அவளுக்கு இருபது வயதிருந்தால் அதிகம்.

டெக்னீஷியன் ஜெல்லைத் தடவி, படம் பிடிக்கும் ப்ரோப்பை விலாவுக்குக் கீழே வைத்தாள். ஈரல் தெரிந்தது, கரடுமுரடாக.

அசையவில்லை.

எந்த உயிரின் ஈரலும் மூச்சோடு ஏறி இறங்கும். அழுகிற குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம், ஒரு படம் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். இங்கே குழந்தை கையையும் காலையும் உதைத்து வீறிடுகிறது, திரையில் ஈரல் சும்மா கிடக்கிறது. இரத்த ஓட்டம் காட்டும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை.

மெஷினை அணைத்துப் போட்டாள். வேறு ப்ரோப் மாற்றினாள். அதே படம். சரி, ஈரலின் இறுக்கத்தையாவது அளப்போம் என்று பார்த்தாள். பத்து முறை அளந்து நடு எண்ணை எடுப்பது வழக்கம். மூச்சு விடுகிற குழந்தைக்குப் பத்தும் பத்து விதமாக வரும்.

முப்பத்திரண்டு புள்ளி நான்கு.

முப்பத்திரண்டு புள்ளி நான்கு.

பத்து முறையும் அதுவேதான் வந்தது. முழுக்க இறுகிப்போன ஈரலின் எண். அந்த எண்ணை அவள் ஏற்கெனவே ஒருமுறை அளந்திருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் கூட்டம் அலைமோதியது. மெஷினில் ஒரு குழந்தையின் கோப்பை மூடாமலே அடுத்த குழந்தையைப் படுக்கவைத்து ஸ்கேன் செய்துவிட்டாள். இரண்டு பேரின் படங்களும் ஒன்றாகக் கலந்துவிட்டன. யாருக்கும் தெரியாமல் பிரித்துப் போட்டபோது ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் போட்டாள். நல்ல குழந்தைக்கு மறுபடி ஒரு ஸ்கேன், அதோடு தப்பியது. ஈரல் கெட்ட குழந்தையை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாற்பது நாள் கழித்து வயிறு வீங்கித் திரும்பி வந்தபோது அளந்ததுதான் அந்த எண். அடுத்த வாரம் குழந்தை போய்விட்டது. இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று எல்லோரும் அதன் தாயைத்தான் திட்டினார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை.

ப்ரோப்பைக் குழந்தையின் வயிற்றிலிருந்து எடுத்தாள்.

படம் போகவில்லை.

களைத்துப்போய்க் குழந்தை அழுகையை நிறுத்தியது. அறையில் அழுகை நிற்கவில்லை. இரத்தம் ஓடும் சத்தம் வர வேண்டிய ஒலிபெருக்கியிலிருந்து, மெலிதாக, ஒரு பச்சைக் குழந்தையின் முனகல்.

"என்னை என்ன வேணா பண்ணிக்கோ. இந்தப் பிள்ளைய விட்டுடு," என்று டெக்னீஷியன் திரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டாள் தாய்.

முனகல் ஓயவில்லை. டெக்னீஷியன் கதவைத் திறந்து பக்கத்து அறை டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"போன மாசம் செத்துப்போச்சே ஒரு குழந்தை. அதோட படத்த மாத்திப் போட்டது நான்தான் மேடம். அவங்க அம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

ஒலிபெருக்கி அடங்கியது.

டாக்டரம்மா உள்ளே வந்தார். ப்ரோப்பை வாங்கித் தானே குழந்தையின் வயிற்றில் வைத்தார். ஈரல் ஏறி இறங்கியது. சிவப்பும் நீலமுமாக இரத்தம் ஓடியது. பித்தக்குழாய் அடைத்துத்தான் இருந்தது. ஆனால் ஈரல் இன்னும் இறுகவில்லை.

"நீ நேரத்துக்கு வந்துட்டம்மா. நாளைக்கு முதல் ஆபரேஷன் உம் பிள்ளைக்குத்தான். இப்ப பால் குடு," என்றார். தாய் பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

போகும்போது டாக்டரம்மா டெக்னீஷியனின் முகத்தைப் பார்க்கவில்லை. இறந்த குழந்தையின் அம்மா வீட்டுக்கு நேரில் போய் நீயே சொல்ல வேண்டும் என்றார். அடுத்த குழந்தையைக் கூப்பிடுவதற்கு முன் மெஷின் சரியாக இருக்கிறதா என்று உன் உடம்பில் வைத்துப் பார்த்துவிடு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அறை காலியானது. பாரம் இறங்கியதுபோல் இருந்தது அவளுக்கு. சட்டையை விலக்கி, தன் விலாவுக்குக் கீழே ப்ரோப்பை வைத்தாள்.

திரையில் ஈரல் தெரிந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கரடுமுரடாக.

அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, குழந்தைகள் மூச்சு விடும் வேகத்தில்.

அவள் தன் மூச்சைப் பிடித்தாள்.

அது நிற்கவில்லை.