முடி சுற்றிய ஆணி

ஆணி பிடுங்கிய ஓட்டையில் சுஜி அப்பிய மஞ்சள் சிவந்திருந்தது.

"யாரோ மரத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிகிறாங்க, அதான் செவந்துகீது. ஆரத்தி மாதிரி," என்றான் குணா. காரணம் சரிதான். ஆனால் அந்தப் புளியமரத்தில் சுண்ணாம்பின் தடமே இல்லை.

மேடவாக்கம் தாண்டி இருக்கும் காப்புக்காட்டில் ஞாயிறு மாலைகளில் அவர்களுக்கு இதுதான் வேலை. பிளஸ் ஒன் படிக்கிற மூன்று பேர், ஒரு சுத்தியல், ஒரு பிஸ்கட் டப்பா. டிரைவிங் ஸ்கூல், மூலம் பவுத்திரம், லேடீஸ் ஹாஸ்டல் என்று மரங்களில் அடித்திருக்கும் பலகைகளைக் கழற்றி, ஆணிகளை டப்பாவில் போட்டு, காயத்துக்கு வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சள் வைப்பார்கள். ஓர் ஆணியையும் விட்டுவைக்கக் கூடாது என்பது சுஜி போட்ட சட்டம்.

இன்று வம்பு வந்ததும் அந்தச் சட்டத்தால்தான். புளியமரத்தில், ஆள் உயரத்தில், ஒரு சாண் ஆணி. அதைச் சுற்றி ஒரு கொத்து முடி. அஞ்சலி பார்த்ததுமே பின்வாங்கினாள்.

"இது வேணாம்டி. பேய் பிடிச்சவங்க முடியைச் சுத்தி இப்படித்தான் மரத்துல அடிப்பாங்க. எங்க சித்திக்கே அடிச்சிருக்காங்க."

"பயந்தாங்கொள்ளி! நீயே புடுங்கு," என்று சுஜி சுத்தியலை அவள் கையில் திணித்தாள். சண்டே ஸ்கூலில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சிரிப்பு. கேன்சர் நோயாளிகளுக்கு விக் செய்ய முடியைக் கொடுத்துவிட்டுப் போன மாதம் மொட்டையடித்துக்கொண்டு வந்த அஞ்சலி, ஓர் ஆணிக்கா நடுங்குவது? அஞ்சலி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். ஆணி சுலபமாக வந்துவிட்டது. பழைய முடி அவள் விரல்களில் பொடிந்து உதிர்ந்தது.

ஆணியை மட்டும் அவள் டப்பாவில் போடவில்லை. கடைசிப் பலகையைக் கழற்றக் குணாவோடு போனபோதும் அந்த ஆணியைக் கீழே போடவில்லை.

சுஜி குனிந்து சிவந்த மஞ்சளை முகர்ந்தாள். வேப்பெண்ணெயின் கசப்புக்கு அடியில் கறிக்கடை வாடை எழுந்தது; இவ்வளவு நேரம் சாலையிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர் லாரிகளின் ஹாரன் எப்போது நின்றதென்று தெரியவில்லை, ஒரு காக்கை இல்லை, ஓர் இலை அசையவில்லை, வெளிச்சம் மட்டும் மரங்களுக்கிடையே மெல்ல வடிந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்குள் அஞ்சலியை வீட்டில் விடுகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

டொக். டொக்.

சுத்தியல். பிடுங்குகிற சத்தம் இல்லை. அடிக்கிற சத்தம்.

குணா ஒரு முறை அலறினான். அப்புறம் டொக் மட்டும்.

சுஜி ஓடினாள்.

வேப்பமரத்தில், பலகை இருந்த உயரத்தில், குணா. கால் தரையில் இல்லை. உள்ளங்கைகள். தோள்கள். தொண்டை. எல்லாம் அவர்கள் பிடுங்கிய ஆணிகள். டப்பா காலியாகக் கிடந்தது. அஞ்சலி எக்கி நின்று ஒவ்வொரு காயத்துக்கும் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள், எப்போதும்போல அக்கறையாக. வைக்க வைக்கச் சிவந்தது.

திரும்பினாள். சுத்தியல் சுஜியின் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்தது. மறுபடி ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"சுஜி." இது அஞ்சலியின் குரல். அழுகிற குரல். "என் முடியைச் சுத்தி மரத்துல அடிச்சிரு. சீக்கிரம்டி. அது திரும்பி வருது."

சுத்தியலைச் சுஜியின் வலது கையில் திணித்தாள். ஓடிப்போய்ப் புளியமரத்தில் சாய்ந்து நின்றாள்.

சுஜி பின்னாலேயே போனாள். சுத்தியல் பிடித்த கையாலேயே அஞ்சலியின் தலையைத் தடவிப் பார்த்தாள். முள்முள்ளாக ஒரு மாத முடி. சுற்றுவதற்கு எதுவும் இல்லை.

"முடி இல்லையே அஞ்சு... முடி இல்லையேடி..."

அஞ்சலி அந்த ஆணியை இரண்டு கையாலும் பிடித்தாள். முனையைத் தன் புருவங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"பயந்தாங்கொள்ளி," என்றது குரல். "அடி."

அது யார் குரல் என்று சுஜிக்குத் தெரியவில்லை. சுத்தியலை ஓங்கினாள்.