நகல் எடுக்காத பத்திரம்

நான்காவது முறை மஞ்சளைக் குறைத்தபோதுதான் நவ்ரீன் கவனித்தாள்: கடைக் கணினித் திரையில் பழைய வீட்டுப் பத்திரம் வெளுக்க வெளுக்க, பெஞ்சில் படுத்திருந்த தம்பி ஃபர்ஹானின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

தன் கண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். ஐந்து மணி வெயில், கல்மண்டபம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, ஜெராக்ஸ் மெஷினின் சூட்டோடு கலந்து வரும் மீன் கவிச்சி, எல்லாம் சேர்ந்தால் எதுவும் மஞ்சளாகத்தான் தெரியும் என்று நோட்டில் எழுதினாள். செய்கிற வேலையைப் படிப்படியாக எழுதிவைப்பது மாலைக் கணினி வகுப்பில் கற்றது. முதல் படியில் கண் நின்றது. மூலக் கோப்பைத் தொடாதே, நகல் எடு. இன்று எடுக்கவில்லை. பத்திரம் கொண்டுவந்த பவுனம்மாள் பிடரிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அவசரப்படுத்தியதில் மறந்திருந்தாள்.

"இன்னாம்மா எழுதிக்கினே கீறே? கறைய எடு. மூணு கடைக்காரனும் பாதியில கைய எடுத்துட்டானுங்க."

ஓரத்தில் செல்லரித்த ஓட்டையை நவ்ரீன் அடைத்தாள். சேமித்தாள்.

"அக்கா, காது அரிக்குது. உன் கடையில கொசுவா, கரையானா?" ஃபர்ஹான் சிரித்தான்.

அவன் காது மடலில் ஓட்டை. அதன் வழியே சுவர் தெரிந்தது.

கடைசித் திருத்தத்தை ரத்துசெய்து ஒரு படி பின்வாங்கினாள். திரையில் ஓட்டை வந்தது. காது முழுசானது. மறுபடி அடைத்தாள். காதில் ஓட்டை. சந்தேகமில்லை.

பத்திரத்தின் நடுவிலிருந்த மடிப்புக் கோட்டை முன்பே அழித்துச் சேமித்திருந்தாள். அதுவரை பின்வாங்க வேண்டும். திருத்தங்களை ஒவ்வொன்றாக ரத்துசெய்தாள். ஒன்று. இரண்டு.

பவுனம்மாள் செருப்பைக் கழற்றி, தரையிலிருந்த கணினி சுவிட்சைக் கால் விரலால் அணைத்தாள்.

"அந்த மூணு கடைக்காரனுங்களும் இங்கதான் திருப்ப ஆரம்பிச்சானுங்க."

திரை இருண்டது. நவ்ரீன் பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். கோப்பைத் திறந்தாள். பத்திரம் பளிச்சென்று இருந்தது. பின்வாங்க ஒரு படியும் இல்லை. ஸ்கேனர் மூடியைத் தூக்கினாள். உள்ளே இருந்த அசல் காகிதமும் புதுசாகியிருந்தது.

"கறை எங்கயாச்சும் போய்த்தானே ஆவணும்," என்றாள் பவுனம்மாள். காகிதத்தை உருவிக்கொண்டு வெளியேறினாள்.

பெஞ்சு கிரீச்சிட்டது.

"அக்கா... மூஞ்சி இழுக்குது."

ஃபர்ஹான் எழுந்து உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து மோவாய் வரை நேரான மடிப்புக் கோடு. ரத்தம் இல்லை. கோட்டின் இரு பக்கமும் மஞ்சள்.

மெல்ல, சத்தமில்லாமல், இடது கண் வலது கண்ணின்மேல் மடிந்தது.