மை படாத கைப்பிடி

"அச்சகத்துல ஆர்டர் குறையல சார். லாபம் மட்டும் பாதியாப் போச்சு" என்றாள் வந்தவள். அண்ணனோடு சேர்ந்து அச்சகம் நடத்துபவள். அவள் பங்கை அண்ணன் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. விலை, இந்த வருட லாபத்தைப் பொறுத்தது. அந்தப் பணத்தை நம்பித்தான் தனிக்கடை போட இடம் பார்த்திருந்தாள். "போன வருஷம் லாபம் நல்லா வந்து, அண்ணன் லாபத்துக்கு ஏத்த ஊக்கத்தொகைகூட எடுத்துக்கிட்டாரு. இப்ப கணக்கர் பணத்துல கை வச்சிட்டார்னு சொல்றாரு. எனக்கு மனசு ஒப்பல."

துப்பறிவாளர் நிதானமாகச் சட்டையை மாட்டினார். ‘அவசரம்’ என்று பெயரெடுத்த அவர் மச்சான், அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

சாப்பாட்டு நேரம். அச்சகத்தில் பழைய இயந்திரமும் போன வருடம் வாங்கிய புதியதும் அக்கம்பக்கமாக ஓய்ந்திருந்தன. எதையும் தொட்டுப் பார்க்காவிட்டால் அவசரத்துக்குத் தூக்கம் வராது. இரண்டுக்கும் நடுவில் நின்று, பழையதின் கைப்பிடியை வலக்கையாலும் புதியதை இடக்கையாலும் பிடித்துப் பார்த்தான்.

அலுவலறையில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருக்க, கணக்கர் மட்டும் நின்றார். பாவம், முகம் வெளிறியிருந்தது.

"இந்த வருஷம் கணக்குல எதையாவது மாத்தினீங்களா?" என்று அவரைக் கேட்டார் துப்பறிவாளர்.

"தேய்மானம் போடுற முறைய முதலாளி மாத்தச் சொன்னாரு. முன்னெல்லாம் இயந்திர விலைய வருஷா வருஷம் லாபத்துல சமமா கழிப்போம். இப்ப ஆரம்பத்துல அதிகம், போகப்போகக் கம்மி."

"மாத்தக்கூடாதா? புது மெஷின் ராப்பகலா ஓடுது, சீக்கிரம் தேயுது" என்றார் அண்ணன்.

"தாராளமா மாத்தலாம். சொல்ற காரணம் நிஜமா இருக்கணும். மச்சான், கையக் காட்டு."

வலது உள்ளங்கை கன்னங்கரேல். இடது சுத்தம்.

"உங்க ஆளுங்க மைக்கையோடதான் கைப்பிடியப் பிடிக்கிறாங்க. ராப்பகலா ஓடுற மெஷின்ல மை ஒட்டாதா? இங்க யாரும் திருடல. கணக்குமுறைய மாத்தினதுல தங்கச்சி பங்கோட விலை இறங்கிடுச்சு, அவ்வளவுதான்."

"இருக்கட்டும். எனக்குப் புது முறைதான் சரின்னு படுது" என்று முறுக்கிக்கொண்டார் அண்ணன்.

"அப்ப போன வருஷத்தையும் அதே முறையில திருத்தணும். இல்லன்னா ரெண்டு வருஷத்தையும் ஒப்பிட முடியாது. அது மெஷின் வாங்கின வருஷம்; தேய்மானம் இன்னும் அதிகம், லாபம் குறைஞ்சிடும். நீங்க எடுத்த ஊக்கத்தொகை என்னாகும்?"

"பாதிக்கு மேல திருப்பித் தரணும்" என்றார் கணக்கர் மெதுவாக.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பழைய முறையிலயே போடுங்க."

தங்கை சந்தோஷப்படவில்லை; அவள் கண் கலங்கியிருந்தது. "விலையக் குறைச்சுக் கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேண்ணா. இவரப் போய்த் திருடன்னு சொல்லிட்டீங்களே."

அண்ணன் எழுந்து, தன் நாற்காலியைக் கணக்கர் பக்கம் நகர்த்தினார். கணக்கர் உட்காரவில்லை.