மரப்பாலத்தில் நின்ற கால்கள்

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தின் வாசலில் நாகலெட்சுமியின் ரவிக்கை பாலில் நனைந்தது. ஒரே மகள் வினோதாவுக்கு நாலு வயது; பால் மறந்து இரண்டு வருஷமாயிற்று. என்ன கண்றாவி இது என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நானும் கூறுகெட்டுத்தான் போயிட்டேன் நாகு," என்றாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராசம்மா, காலித் தொட்டிலைக் காட்டி. "யாருக்குன்னே தெரியாம இன்னைக்குப் பூரா இத ஆட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

மூன்று மணிக்கே மலையைப் பனிமூட்டம் மூடியிருந்தது. ரோட்டைச் சுற்றிப் போனால் மகள் நனைந்துவிடுவாள் என்று நாகலெட்சுமி தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் அவளைக் கூட்டிப்போனாள். ஈரச் சருகின் வாடையும், ஓடையின் இரைச்சலும், மகளின் ரப்பர் செருப்பு சேற்றில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தமும் கூடவே வந்தன. மரப்பாலத்துக்கு முன்னால் நாகலெட்சுமியின் கால்கள் நின்றுவிட்டன. இடது கை தானாக மடங்கி, கைக்குழந்தையைத் தாங்குவதுபோல மார்போடு ஒட்டிக்கொண்டது. பயம். காரணமே இல்லாத பயம்.

போன வருஷம் இங்கேதான் அவளைக் குளவி கொட்டியது. நடந்தது மூளையிலிருந்து அழிந்தாலும் பட்ட பயம் உடம்பில் தங்கிவிடும் என்று தோட்டத்து டாக்டர் அப்போது சொல்லியிருந்தார். அந்தப் பயம்தான் இது. பனியில் குளவி கிளம்பாது, கொழுந்து எடுக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

"வேணாம்மா," வினோதா அழுதாள். "நேத்து தம்பிய அது எடுத்துக்கிச்சில்ல?"

"தம்பியா? ஒனக்கு ஏதுடி தம்பி? சும்மா ஒளறாம வா."

மகளின் கையை இறுக்கிப் பிடித்துப் பலகையில் கால் வைத்தாள். ஒரு பலகை. இன்னொன்று. ஓடையின் சத்தம் நின்றது. கையில் ஓர் இழுப்பு. சில்லென்று குளிர்.

அக்கரையில் ஏறியதும்தான் மூச்சு வந்தது. வலது கை ஏனோ வலித்தது. எதற்கு இந்தப் பக்கம் வந்தோம்? சாவகாசமாக ரோட்டிலேயே போயிருக்கலாம். கல்யாணமாகி ஆறு வருஷமாக வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா?

பாலத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"அம்மா! கைய விட்டுட்டியேம்மா!"

கூடவே ஒரு கைக்குழந்தையும் வீரிட்டது.

ஐயோ முருகா, எந்தப் பேயோ அம்மா என்று கூப்பிடுகிறதே! இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நாகலெட்சுமி லயத்து வீட்டை நோக்கி ஓடினாள்.