இடுப்புக்கு மேல்

ஆறரைக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சினான். இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். தேநீரை நின்றபடியே குடித்தான். ரொட்டி இரண்டு துண்டு எடுத்ததில் ஒன்றைத்தான் தின்ன முடிந்தது. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். நேற்றுப் போட்ட அரைக்கால் சட்டையையே மறுபடி மாட்டிக்கொண்டு, மேல்சட்டைக்கு மட்டும் இஸ்திரி போட்டான். பத்து மணிக்கு அவனுக்கு மீட்டிங். மனைவி செத்து இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

எட்டு மணிக்குச் சின்ன அறையைத் திறந்தான். அவள் வேலை பார்த்த அறை. பதினொரு மணிக்கு அவளுடைய கம்பெனியிலிருந்து ஆள் வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார்கள். லேப்டாப், சார்ஜர், ஹெட்செட். மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்தால் வேலை முடிந்தது.

கதவுக்குப் பின்னால் மூன்று கொக்கிகள். நீலச் சட்டை, கடுகு மஞ்சள் சட்டை, வெள்ளைச் சட்டை. மூன்றும் காலர் வைத்தவை. அவள் போனபிறகு அவன்தான் துவைத்து மாட்டிவைத்தான். இன்று நீலம் கொக்கியில் இல்லை. நாற்காலியின் முதுகில் கிடந்தது.

எடுத்தான். காலர் ஈரமாக இருந்தது. சலவைத்தூளின் வாசனை போய், அவள் கழுத்தில் போடும் பவுடரின் வாசனையும், அதற்கு அடியில் லேசாக வேர்வையும், அதற்கும் அடியில் அவனால் பெயர் சொல்ல முடியாத, துருப்பிடித்த இரும்பைக் கையில் வைத்திருந்தால் வருமே அதுபோன்ற ஒரு வாசனையும் அதில் இருந்தன. உள்பக்கம் கதகதப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல. சன்னல் வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அந்தச் சன்னல் மேற்குப் பார்த்தது.

சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தான். பையில் எதையும் போடவில்லை.

அவள் ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடி வாடிக்கையாளர் புகார்களைக் கவனித்தாள். தினமும் ஒன்பதரைக்குக் குழு மீட்டிங். கேமரா திறந்திருக்க வேண்டும். காலர் வைத்த உடை வேண்டும். வாடிக்கையாளர் விவரம் திரையில் இருப்பதால், அறைக்குள் வேறு ஆள் தலைகாட்டக் கூடாது. காட்டினால் ஒரு குறி. மூன்று குறி விழுந்தால் வேலை போகும். அவள் சமையலை முடித்து, போட்டிருக்கும் நைட்டியின் மேலேயே ஒரு சட்டையை மாட்டி, தலையை வாரிக் கொண்டை போட்டு, தோட்டைத் திருகி, ஒன்பது இருபத்தெட்டுக்கு நாற்காலியில் உட்காருவாள். "இடுப்புக்கு மேல ஆபீஸ், கீழ அடுப்பங்கரை" என்பாள்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் மீட்டிங் முடியும்வரை அவள் எழுந்து அவன் பார்த்ததில்லை. அவனுடைய குழுவில் ஒருத்தன் அரைக்கால் சட்டையோடு எழுந்து நின்றுவிட்டான். ஒரு வாரம் கேலி செய்தார்கள், மறந்துபோனார்கள். அவளுடைய குழுவில் ஒரு பெண் சார்ஜர் எடுக்க எழுந்தாள். பாவாடை நாடாவும் இடுப்பும் தெரிந்ததை யாரோ படம் பிடித்துவிட்டார்கள். அது ஊர் ஊராகச் சுற்றியது. அந்தப் பெண் வேலையை விட்டாள். அதற்குப் பிறகும் சுற்றியது.

போன் அடித்தது. அவளுடைய டீம் லீடர்.

"சார், ஒரு நிமிஷம் பேசலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க மேடம்."

"அவங்க ஐடிய இன்னும் மூடல. இன்னைக்கு லேப்டாப் வந்ததும் மூடிருவோம். ஆனா மூணு நாளா நம்ம ஒம்பதரை மீட்டிங்ல அவங்க கட்டம் வருது சார்."

"கட்டம்னா?"

"வீடியோ. மொத நாள் வெறும் நாற்காலி. முந்தாநேத்து அதுமேல ஒரு சட்டை. நேத்து..." அவள் நிறுத்தினாள். "நேத்து அந்தச் சட்டை நிமிந்து உக்காந்திருந்துச்சு. பட்டன்லாம் போட்டு. உங்க வேதனை எங்களுக்குப் புரியுது சார். ஆனா பொண்ணுங்க பயப்படுறாங்க."

"நான் எதுவும் செய்யல மேடம். லேப்டாப் மூடித்தான் கெடக்கு. சார்ஜ் போட்டே ஒன்றரை மாசம் ஆச்சு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"அன்னைக்கு நான்தான் சார் அவங்கள லைட்டக் கூட்டிக்கச் சொன்னேன். மொகம் வெளுத்துத் தெரியுது, கஸ்டமர் முன்னாடி நல்லாருக்காதுன்னு. சரி மேடம்னு சிரிச்சாங்க. கை நீட்டி லைட்ட வேற போட்டாங்க."

அவளாகவே போனை வைத்தாள்.

எட்டே முக்காலுக்கு மச்சினி வந்தாள். செத்துப்போனவளின் ஒரே தங்கை. குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் வாலு. கல்லூரி முடித்து, அடுத்த வாரம் முதல் வேலைக்குச் சேரப்போகிறாள், அதுவும் வீட்டிலிருந்துதான். அக்காவின் துணிகளில் ஆகக்கூடியதை எடுத்துக்கொள்ள அவன்தான் வரச்சொல்லியிருந்தான். அழுது அழுது முகம் சின்னதாகியிருந்தது. இருந்தாலும் வாய் ஓயவில்லை.

"என்ன மாமா, வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. பொருளெல்லாம் நின்ன எடத்துலயே நிக்குது."

"நானும்தான்."

"ஜோக்கா? நல்லவேளை, உசுரோடதான் இருக்கீங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்ன அறைக்குள் அவளே போனாள். அவன் வாசற்படியோடு நின்றான். "இந்த மூணு சட்டையையும் எடுத்துக்கவா? எனக்கும் இனிமே இடுப்புக்கு மேல மட்டும்தான உத்தியோகம். அக்கா மாதிரி ஒரு ஏமாத்துக்காரி உண்டா மாமா? காதுல தோடு, காலர் சட்ட, மகாராணி கணக்கா உக்காந்திருப்பா. குனிஞ்சு பாத்தா அஞ்சு வருசத்துக் கிழிஞ்ச நைட்டி."

"எடுத்துக்க."

மூன்றையும் அவன் கண்ணெதிரே மடித்துப் பையில் வைத்தாள். நீலத்தை முகத்தில் வைத்து மோந்தாள். முகத்தைச் சுளித்துவிட்டு, அதையும் வைத்தாள்.

வாசலில் செருப்பைப் போடும்போது, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மாமா, அக்கா கடைசியா என்ன சொன்னா?"

"தண்ணி கேட்டா. கொண்டுட்டுப் போறதுக்குள்ள..."

"அம்மா தெனம் இதையேதான் கேக்குறாங்க. ஒரு வா தண்ணியாவது குடிச்சாளான்னு."

"இல்ல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல, அது போதும்னு சொல்றாங்க. அதச் சொல்லிச் சொல்லித்தான் ராத்திரி தூங்குறாங்க."

போய்விட்டாள். மணி ஒன்பது பத்து.

அவன் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டான். நாற்பத்து மூன்று நாளாக அந்தத் தண்ணீரைத்தான் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். மாமியாருக்கு, மருத்துவருக்கு, கம்பெனிக்கு. உண்மையில் அவள் தண்ணீர் கேட்கவில்லை. அவன் பக்கத்திலும் இல்லை. அடுத்த அறையில், ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொண்டு தன் மீட்டிங்கில் இருந்தான். அவள் மைக்கை அணைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "இரு, முடிச்சிட்டு வரேன்" என்றான். நான் உள்ளே போனால் குறி விழும், அவளுக்குத்தானே நஷ்டம் என்றும் நினைத்தான். அவன் பேச வேண்டிய முறை வந்தது, பேசினான். நாற்பது நிமிடம். கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்திருக்கிறது என்றார் மருத்துவர். கரு இருந்ததே இருவருக்கும் தெரியாது. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் மீட்டிங் முடியும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாளாம். எல்லோருக்கும் பை சொன்னாளாம்.

இது வாலுவுக்குத் தெரிந்தால் அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே வீடான மாமியார் வீடும் போய்விடும். அந்தத் தாய் மறுபடி தூங்கமாட்டாள்.

போன்.

"மாமா, பஸ்ஸுல ஏறிட்டேன். பையில ரெண்டு சட்டதான் இருக்கு. நீலத்தக் காணோம். நான் வச்சேன்ல? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"கீழ விழுந்துச்சோ? எறங்கித் திரும்பி வரவா?"

"வராத."

"ஏன் மாமா கொரல் ஒரு மாதிரி..."

"வராதம்மா. நீ போ."

வைத்தான். ஒன்பது இருபத்தைந்து. வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். மேல்வீட்டில் குழாய் ஓடியது, நின்றது. அது நின்றதும் சின்ன அறையிலிருந்து, எவ்வளவோ காலைகளில் காதில் விழுந்தும் அவன் கவனிக்காமலே விட்ட சத்தங்கள், அதே வரிசையில், அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பவுடர் டப்பா மூடி. சீப்பு. கொண்டை ஊசியைப் பல்லில் கடித்து விரிக்கும் கிளிக். தோட்டின் திருகு சத்தம் போடாது, ஆனால் திருகும்போது அவள் மூச்சை அடக்குவாள். அந்த மூச்சு அடங்கியதும் பிறகு விட்டதும் கேட்டன. நாற்காலிச் சக்கரம் தரையில் அரை அடி உருண்டது.

லேப்டாப் மூடியின் கீல் கிறீச்சிட்டது.

அவன் நகரவில்லை. இரும்பின் வாசனை கூடத்துக்கே வந்துவிட்டது.

"குட் மார்னிங்." ஒரு குரல். இன்னொன்று. பன்னிரண்டு பேர், வெவ்வேறு ஊரின் காலைகளிலிருந்து. பிறகு ஒருத்தி பாதியில் நிறுத்தினாள். ஒருத்தன் "ஐயோ" என்றான். டீம் லீடரின் குரல்: "சார்? சார், இருக்கீங்களா? தயவுசெஞ்சு உள்ள வாங்க சார். யாராவது வாங்க."

அன்று யாரும் அப்படிச் சொல்லவில்லை.

ஓடிவிடலாம். வாசற்கதவு முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கை தாழ்ப்பாளைத் தொட்டது. எத்தனை நிமிடம்? அன்று நாற்பது. இன்று எத்தனை ஆனாலும் அவள் உட்கார்ந்தேதான் இருப்பாள். நாளையும் இருப்பாள்.

தாழ்ப்பாளை விட்டான்.

கூடம். ஆறு எட்டு வைத்தான். ஏழு. சின்ன அறையின் கதவைத் தள்ளினான்.

முதலில் திரை. சார்ஜர் இல்லாமல் எரிந்தது. பன்னிரண்டு கட்டங்களில் பன்னிரண்டு முகங்கள், எல்லோரும் ஒரே கட்டத்தைப் பார்த்தபடி. பதின்மூன்றாவதில் அவள். நீலச் சட்டை. எல்லாப் பட்டனும் போட்டு. கொண்டை. தோடு. சுண்ணாம்பு போன்ற முகத்தில் மீட்டிங்குக்கான சிரிப்பு. நல்ல வெளிச்சம். இடுப்புவரை.

பிறகு நாற்காலி.

அதில் சட்டை இல்லை. தோள் இல்லை. தலை இல்லை. நாற்காலியின் வலை முதுகு. வலைக்கு அப்பால் சுவர்.

அதற்குக் கீழே அவள் இருந்தாள்.

சின்னப் பூப்போட்ட நைட்டி. பூக்கள் தெரியவில்லை. மடியிலிருந்து விளிம்புவரை கறுத்து, தொடையோடு ஒட்டி. முழங்கால்கள் ஒன்றையொன்று அழுத்தி. பாத விரல்கள் நாற்காலிக் காலைக் கவ்வி. சொட்டு. சொட்டு. தரையில் தேங்கியது மேசைக்கு அடியோடு நின்றிருந்தது. கேமராவுக்கு எட்டாத இடத்தில்.

திரையில் அவள் கண்கள் கேமராவை விட்டு மெல்லத் திரும்பின. கதவுப் பக்கம். அவன் பக்கம். சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் நகர்ந்து மைக்கை அணைத்தது. சிவப்புக் கோடு விழுந்தது.

உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. அவனுக்குச் சத்தம் தேவைப்படவில்லை.

"ஏங்க, கொஞ்சம் வாங்களேன். எந்திரிச்சா எல்லாரும் பாத்துருவாங்க."