கடைசி சீட்டுக்கடியில் ஒரு கால்!

"வீல்ல்ல்...!"

அந்த அலறலில் மியூசியமே அதிர்ந்தது.

2002. சித்ரா பௌர்ணமி. வெயில் தாழ்ந்ததும் கிரிவலம் கிளம்பலாம் என்று காத்திருந்தவர்கள், வேங்கிக்காலில் புதிதாகத் திறந்திருந்த பழைய பஸ் மியூசியத்தில் ஒதுங்கியிருந்தார்கள்.

ஜட்கா வண்டி. கரியில் ஓடிய பஸ். இரண்டையும் தாண்டினால், ஊருக்கு முதல்முதலாக விட்ட டவுன் பஸ்!

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி டிரைவர் பொம்மை. படிக்கட்டு அருகே தோல்பையோடு கண்டக்டர் பொம்மை. இரண்டுக்கும் காக்கி உடை, புருவம் வரை தொப்பி, முகத்தில் ரோஸ் சாயம்.

அந்த பஸ்ஸுக்குள் நின்றுதான் அலறினாள் ஆர்த்தி.

"அத்தை...! கடைசி சீட்டுக்கடியில... ஒரு காலு!"

மாமியார் வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஆமாண்டி... பொணம்! அண்ணாமலையாரே!"

வாசலில் பந்தோபஸ்துக்கு நின்றிருந்த சப்-இன்ஸ்பெக்டர் திருமலை லத்தியோடு பாய்ந்து வந்தார்.

"யாரும் வெளிய போகக் கூடாது! கதவ சாத்துய்யா!"

குனிந்தார். காலைப் பிடித்து இழுத்தார்.

வந்தது... ரொம்ப லேசாக வந்தது!

ஜவுளிக்கடை வாசலில் நிற்குமே, அந்த மாதிரி பொம்மை! உடம்பில் பொட்டுத் துணி இல்லை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஏம்மா! கொலைக் கேஸுன்னு நெனச்சு, டீய பாதில வெச்சுட்டு ஓடியாந்தேன்!"

பொணம் இல்லை என்றதும் மியூசியத்தின் காவல்காரர் சகாதேவனுக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லிக் கும்பிட, பஸ்ஸின் டாஷ்போர்டில் இருந்த வெள்ளிப் பிள்ளையாரிடம் ஓடினார்.

பூவை விலக்கிப் பார்த்தார்.

பூ இருந்தது. பிள்ளையார் இல்லை!

"ஐயா... சாமியக் காணோம்யா!"

திருமலையின் சிரிப்பு நின்றது.

"மியூசியம் சாவி யார்கிட்ட?"

"எ... என்கிட்டதான்யா."

"அப்ப நீதான்!"

"சத்தியமா இல்லீங்கய்யா! காலைல பூ வெச்சப்போ இருந்தாரு. அடுத்த வாரம் என் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். திருட்டுப் பட்டத்தோட நான் எப்படிங்க சம்பந்தி முன்னாடி..."



கூட்டம் முழுக்கச் சோதித்தாகிவிட்டது. பைகளில் புளிசாதமும் சுண்டலும்தான் கிடைத்தன.

ஒரு கேள்வியை மட்டும் யாருமே கேட்கவில்லை... கீழே கிடந்த பொம்மையின் துணி எங்கே?

"ஏறுய்யா ஜீப்ல!"

"கொஞ்சம் இருங்க தம்பி." வெள்ளையம்மாள் குறுக்கே வந்தாள். "மனுசன் நெத்தி வெறுமையா கீது. சாமி துணையோட போவட்டும்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கோயில் விபூதி! சகாதேவனுக்குப் பூசினாள். திருமலையும் தன்னையறியாமல் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டாளா? பொம்மைகள் பக்கம் போனாள்.

"அத்தை! அது பொம்மை!"

"இருந்தா இன்னாடி? காலைலேர்ந்து டூட்டி பாக்குதுங்க, பாவம்!"

தொப்பியை ஒதுக்கி, டிரைவர் பொம்மைக்குப் பட்டை அடித்தாள். கை தாராளம். பாதி விபூதி மூக்கில் கொட்டியது. டிரைவர் அசையவில்லை.

அடுத்து கண்டக்டர்.

"அண்ணாமலையாருக்கு... அரோகரா!"

மூன்று விரல் நெற்றியில் பட்டது.

பட்ட அந்தக் கணம்...

கண்டக்டர் பொம்மை பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டது!

சிறு வயதிலிருந்து வந்த பழக்கம் விடுமா?

"அத்தை...! கண்ண மூடுது!"

திருமலை பாய்ந்து கொத்தாகச் சட்டையைப் பிடித்தார்.

"யார்ரா நீ? பேரு?"

"மண்ணாங்கட்டி சார்."

"கொழுப்பா? யாரத் திட்டுற?"

"ஐயோ, பேரே அதான் சார்!"

தோல்பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார் திருமலை.

காலி!

அவர் பார்வை மறுபடி சகாதேவன் மேல் விழுந்தது.

"ஓஹோ... நீ எடுத்துக் குடுக்க, இவன் கடத்த... ரெண்டு பேரும் கூட்டா?"

சகாதேவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மண்ணாங்கட்டி பதறினான்.

"பாவம் சார், அவர விட்டுடுங்க! அவருக்கு ஒண்ணும் தெரியாது. பூட்டினப்புறம் பின்பக்கமா போயிடலாம்னு நின்னேன். வெக்கை ஜாஸ்தின்னு, பொம்மைக்குப் போயி ஃபேன திருப்பி வெச்சாரு சார் அந்த மகராசன்! அவர மாட்டி விட்டா எனக்குச் சோறு எறங்காது."

"வேர்க்குற மாதிரி இருந்துதுங்க..." சகாதேவன் முனகினார். "பாவமேன்னு திருப்பினேன்."

"அப்ப பிள்ளையார் எங்கடா?"

"அது வந்து சார்..." என்று இழுத்தான் மண்ணாங்கட்டி.

லத்தி உயர்ந்தது.

"அடிக்காதீங்க தம்பி!" வெள்ளையம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பாவம், நாக்கு வறண்டு போயிருக்கும். மொதல்ல குடிப்பா. அப்புறமா உண்மையச் சொல்லு."

குடித்தான். கண் கலங்கியது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தான்...

"அச்ச்ச்ச்ச்...!"

தும்மல்!

அவனுடையது அல்ல!

எல்லாரும் திரும்பினார்கள். டிரைவர் சீட்டில் புகை மாதிரி விபூதி பறந்தது. டிரைவர் பொம்மை மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது! காக்கிச் சட்டைக்குள்ளிருந்து 'டங்'கென்று என்னவோ விழுந்து உருண்டு, சகாதேவன் காலடியில் வந்து நின்றது.

வெள்ளிப் பிள்ளையார்!

சகாதேவன் வாரி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அத்தை...!" ஆர்த்தி மறுபடி அலறினாள். "முன் சீட்டுக்கடியில இன்னொரு காலு!"

திருமலை வாயைப் பிளந்தார்.

"அடப்பாவிங்களா... நீங்க ரெண்டு பேரா?"

மண்ணாங்கட்டி வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"இன்னா சார் நீங்க... டிரைவர் இல்லாம கண்டக்டர் மட்டும் வண்டி எடுப்பானா?"